மூத்த பிள்ளைக்கும் சீட்டில் ஒரு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளுக்கு நடக்கும் இதய அறுவை சிகிச்சைகள் பற்றி உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. நலமாகி வீடு திரும்பும் குழந்தை, பக்கத்தில் டாக்டர்கள், கண் கலங்கி நிற்கும் பெற்றோர் என்று கூடவே படமும் இருக்கும். அந்தப் படங்களில் இப்போதெல்லாம் நான் ஒன்றைத் தேடுகிறேன். அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை இருக்குமே, அது எங்கே? பெரும்பாலும் படத்தில் இருப்பதில்லை. அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் கோவில்பட்டியில் வீட்டிலேயே தையல் போடுகிறவள். பள்ளிச் சீருடைதான் அதிகம் வரும். கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். கணவரின் அம்மா எங்களோடு இருக்கிறார்; எனக்கு அத்தை, பிள்ளைகளுக்கு ஆச்சி. பெரியவன் இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். சின்னவளுக்கு ஒன்றரை வயது முடிந்துவிட்டது. அவள் பிறந்த மறுநாளே டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு, இதயத்தில் சத்தம் கேட்கிறது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பாருங்கள் என்றார். திருநெல்வேலியில் எடுத்தோம். 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலட்' என்று எழுதிக் கொடுத்தார்கள்.

ஒரே இதயத்தில் நான்கு குறைகள். கீழறைகள் இரண்டுக்கும் நடுவே ஓட்டை. நுரையீரலுக்கு ரத்தம் போகும் பாதையில் குறுகல். உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் தன் இடத்தில் இல்லாமல் அந்த ஓட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும். இந்தச் சுமையை இழுத்து இழுத்து வலது கீழறைச் சுவர் தடித்துப்போயிருக்கும். பிறக்கும் குழந்தைகளில் ஆயிரத்துக்கு எட்டு முதல் பத்துப் பேருக்கு இதயத்தில் ஏதாவது ஒரு குறை இருக்கிறதாம். பலருக்குச் சின்னதாக இருந்து தானாகவே மூடிக்கொள்ளும். எங்கள் மகளுக்கு வந்தது அறுவை சிகிச்சை செய்தே தீர வேண்டிய வகை. ஆனால் உடனே செய்ய மாட்டார்கள். எடை ஏற வேண்டும், கொஞ்சம் வளர வேண்டும். அதுவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

'பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் இருந்தது என்று சொல்கிறேன். இந்த நோயில் 'ஸ்பெல்' என்று ஒன்று வரும். குழந்தை வீறிட்டு அழுதாலோ, முக்கி மலம் கழித்தாலோ, சில நாள் காலையில் எழுந்த உடனேயே காரணமே இல்லாமலோ, நுரையீரலுக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறைந்துவிடும். உதடும் நகமும் நாவல்பழம் தின்றது போல ஆகும். மூச்சு வேகமாக வாங்கும். பிறகு குழந்தை துவண்டுவிடும். அப்போது உடனே தூக்கி, இரண்டு முழங்காலையும் மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். கால் பக்கம் போகும் ரத்தத்துக்குத் தடை கூடும்போது நுரையீரல் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும் என்று டாக்டர் விளக்கினார். சிகிச்சை கிடைக்காமல் வளர்ந்த பிள்ளைகள் ஓடி விளையாடிவிட்டு மூச்சு வாங்கும்போது, யாரும் சொல்லித் தராமலேயே குத்தவைத்து உட்கார்ந்துகொள்வார்களாம். உடம்பே கண்டுபிடித்துக்கொள்ளும் வைத்தியம் அது. காலை மடக்கிப் பிடித்தும் சரியாகவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

ஸ்பெல் வராமல் இருக்க ப்ரோப்ரனலால் மருந்து. வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி பேதி வந்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகி ஆபத்து. பாலைக் குடிக்கவே அவளுக்குத் தெம்பு கிடையாது, நெற்றி வியர்த்து பாதியில் தூங்கிவிடுவாள். தாய்ப்பாலைப் பீய்ச்சி பாலாடையில் துளித்துளியாகப் புகட்டுவேன். இதையெல்லாம் பழகிக்கொண்டோம். வீட்டில் எல்லோருடைய வாயிலும் எப்போதும் ஒரே பேச்சுதான்: பாப்பாவை அழவிடக் கூடாது.

இந்த வீட்டில்தான் பெரியவனும் இருந்தான். அப்போது யுகேஜி. நடக்கவே தெரியாத பிள்ளை, எங்கே போனாலும் ஓட்டம்தான். கட்டிலிலிருந்து குதிப்பான், கதவைப் பிடித்துத் தொங்குவான், தெருவில் போகிற ஐஸ் வண்டிக்கு வீட்டுக்குள்ளிருந்தே பதில் ஹாரன் கொடுப்பான். அந்தப் பிள்ளையிடம் காலையிலிருந்து இரவு வரை நாங்கள் எல்லோரும் சொன்னது 'சத்தம் போடாதே' என்பதைத்தான். வேறு வழி இருக்கவில்லை. ஆனால் சொந்தத்தில் ஒருவர் வந்திருந்தபோது அதற்கும் மேலே போய், அவன் முகத்துக்கு நேராகவே, "ஏல, ஒன் சத்தத்துலதான் பாப்பா நீலமாப் போவுது. சும்மா கெட" என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு அவன் சத்தம் போடவில்லை. தையல் மெஷினுக்குக் கீழே, வெட்டுத்துணி போடுகிற சாக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். ஒருநாள் குனிந்து பார்த்தபோது, காரை ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தான். வாயில் ஒரு துணியைக் கடித்துக்கொண்டிருந்தான். ஏன் என்று கேட்டதற்கு, "சத்தம் வந்துரும்லம்மா" என்றான். பள்ளியில் விளையாட்டு நேரத்திலும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருக்கிறான் என்று வகுப்பு ஆசிரியை தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனைப் பாராட்டினார்கள் என்பதை நான் இங்கே எழுதியே ஆக வேண்டும். "தங்கச்சி வந்ததும் எவ்வளவு பொறுப்பு வந்துருச்சு பாரு", "பிள்ளை எப்படி அடங்கிட்டான்" என்று தலையைத் தடவிக் கொடுத்தார்கள். நம் ஊரில் அடங்கிய பிள்ளைதான் நல்ல பிள்ளை. ஐந்து வயதுப் பிள்ளை திடீரென்று அடங்கினால் அதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சின்னவளுக்கு ஆக்ஸிஜன் குறைந்தால் உதடு நீலமாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இவனுக்குக் குறைந்தது எதுவோ, அதைக் காட்ட எந்த நிறமும் இல்லை.

அடுத்த முறை பரிசோதனைக்குப் போனபோது அவனையும் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இருந்த இளம் பெண் டாக்டரிடம், பாப்பாவைப் பார்த்து முடித்த பிறகு, இவனைப் பற்றிச் சொன்னேன். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். இருந்தும் அவர் நாற்காலியை விட்டு இறங்கி, அவன் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார். மேஜை மேல் இருந்த பிளாஸ்டிக் இதயத்தை எடுத்துத் திறந்து, ஓட்டை எங்கே இருக்கிறது என்று விரலால் தொடச் சொன்னார். "பாப்பா உங்க அம்மா வயித்துக்குள்ள வந்து ரெண்டு மாசம் ஆகுறதுக்குள்ளயே இந்த இதயம் உருவாகிடும். அப்பவே இப்படித்தான் உருவாச்சு. அப்ப நீ எங்க இருந்த?" என்று கேட்டார். "ஸ்கூல்ல" என்றான். "அப்ப இந்த ஓட்டைய நீ போட்டியா?" இல்லை என்று தலையாட்டினான். "ஒன் சத்தத்துக்கு இது வரல. பாப்பா அழுதா ஒன்ன மாதிரியே எங்களுக்கும் பயம்தான். ஆனா அது யாரோட தப்பும் இல்ல."

பிறகு சின்னவளின் மருந்துச் சீட்டை எடுத்தார். எல்லா மருந்துக்கும் கீழே தமிழில் ஒரு வரி எழுதினார்: 'அண்ணன் தினமும் மாலையில் வெளியே போய் ஓடி விளையாட வேண்டும்.' கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினார்.

அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் செய்த வேலையை எந்த மருந்தும் செய்திருக்காது. டாக்டர் எழுதிவிட்டார் என்பதால் என் அத்தையே மாலை நான்கரை ஆனதும் "போய் ஓடிட்டு வாய்யா" என்று செருப்பை எடுத்து வைப்பார். மாலையில் ஒரு மணி நேரம் தெருவில் அவனுடைய கூச்சல் கேட்கும். அந்த நேரத்தில்தான் நானும் மெஷினை மிதித்துக்கொள்வேன். திரும்பி வந்ததும் வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டுதான் பாப்பா பக்கம் வர வேண்டும். அது ஒன்றுதான் அவனுக்கான விதி. ஏன் என்று சொல்லிக் கொடுத்தோம், அதனால் ஒருநாளும் மறந்ததில்லை. எனக்கு நினைவூட்டுகிறவனும் அவன்தான்.

அவனுக்கு ஒரு வேலையும் கொடுத்தோம். குழந்தையின் பாதத்தில் சுற்றும் சிறிய சென்சார் உள்ள ஆக்ஸிஜன் பார்க்கும் கருவி ஒன்று வீட்டில் இருந்தது. (கொரோனா சமயத்தில் எல்லோரும் வாங்கிய, விரலில் மாட்டும் பெரியவர்கள் கருவி கைக்குழந்தைக்குச் சரிப்படாது. அதை வைத்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும்.) எங்கள் டாக்டர் எங்கள் பிள்ளைக்கு என்று ஓர் எண் சொல்லியிருந்தார், அதற்குக் கீழே இறங்கக் கூடாது. காலையிலும் மாலையிலும் நான் சென்சாரைச் சுற்றுவேன், அவன் எண்ணைப் படிப்பான். "அம்மா, எழுபத்தெட்டு." "அம்மா, எண்பத்தொண்ணு." நூறு வரை எண்கள் அவனுக்கு வகுப்பில் வருவதற்கு முன்பே இந்தக் கருவியில் வந்துவிட்டன. நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். அவ்வளவுதான் அவன் வேலை. பாப்பாவைத் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னதில்லை. மருந்தைத் தொடவிட்டதில்லை. ஸ்பெல் வந்தால் ஆச்சியைக் கூப்பிட வேண்டும், அதற்கு மேல் அவன் பொறுப்பு எதுவும் கிடையாது என்று சொல்லி வைத்திருந்தோம். மூத்த பிள்ளையைக் குட்டித் தாயாக, குட்டித் தகப்பனாக ஆக்கிவிடுவதும் நம் வீடுகளில் நடக்கிறது. அதுவும் அவர்கள் தலையில் ஏற்றக் கூடாத பாரம்.

அவன் துள்ளலால் சின்னவளுக்குக் கிடைத்த நன்மையையும் சொல்ல வேண்டும். ஆக்ஸிஜன் குறைவாகக் கிடைக்கும் குழந்தைகள் தலை நிற்பது, கவிழ்வது எல்லாமே தாமதமாகும். கொஞ்ச நேரம் குப்புறப் படுக்க வைத்துப் பழக்குங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். கிலுக்கை ஆட்டினோம், கைதட்டினோம். அவள் பாயில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பெரியவன் ஒருநாள் பாயின் மறுகோடியில் தானும் குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, அவள் கண்ணுக்கு நேராக மெதுவாகச் சேவல் மாதிரிக் கூவினான். அவள் தலையைத் தூக்கினாள். அவன் கொஞ்சம் பின்னால் நகர்ந்து மறுபடியும் கூவினான். அவள் இன்னும் கொஞ்சம் தூக்கினாள். அன்றிலிருந்து அந்தப் பயிற்சியை அவன் இல்லாமல் நாங்கள் செய்யவில்லை. அவள் முதலில் சிரித்ததும் அவனைப் பார்த்துத்தான்.

சின்னவளுடைய பத்தாவது மாதத்தில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அதில் சிகிச்சை கிடைக்கிறது. அந்த அட்டை இல்லையென்றால் என் மகள் இல்லை, இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஓட்டையை அடைத்து, குறுகலை விரித்துவிட்டார்கள். அந்த டாக்டர்களையும் செவிலியர்களையும் நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டோம்.

ஆனால் அந்த மருத்துவமனையின் வார்டு வாசலில் 'பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை இருந்தது. பெரியவனும் எங்களோடு நெல்லை எக்ஸ்பிரஸில் வந்திருந்தான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் சின்னப் பிள்ளைகளை விட முடியாது என்பது எனக்குப் புரிகிறது. தொற்று வந்தால் அறுவை சிகிச்சை செய்த குழந்தை தாங்காது. அங்கே என் பிள்ளையை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் பொது வார்டில் இருந்தபோதும் விடவில்லை. தங்கையைப் பார்க்காமலேயே ஆச்சியோடு படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். அங்கே உட்காரக் கூடாது என்று காவலாளி இரண்டு இடம் மாற்றினார். ஊர் முழுவதிலிருந்தும் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்க வருகிற இடத்தில், கூட வந்த குழந்தை உட்கார ஓர் இடம் இல்லை.

வேலை போய்விடும் என்பதால் கணவர் அவனையும் ஆச்சியையும் அழைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். பாப்பா இல்லாமல் வீட்டுக்குள் நுழைந்ததும், "பாப்பாவ எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று கேட்டிருக்கிறான். ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று சொன்னால் நம்பவில்லை. அவன்தான் பார்க்கவே இல்லையே. இரவு சாப்பிடவில்லை. கணவர் என்னைக் கூப்பிட்டார். பாப்பா ஐசியூவிலிருந்து வார்டுக்கு வந்த அன்று, பணியிலிருந்த சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவரே என் போனை வாங்கி வீடியோ காலில் பாப்பாவின் கையைக் காட்டி, "நகத்தைப் பாரு தம்பி, நீலமா இருக்கா?" என்று கேட்டார். அவன் ரொம்ப நேரம் பார்த்தான். "இல்ல" என்றான். "நம்பர் என்ன?" என்று கேட்டான். சிஸ்டர் மானிட்டர் பக்கம் போனைத் திருப்பினார். தொண்ணூற்றேழு. அவன் வாழ்க்கையில் பாப்பாவுக்கு அவ்வளவு பெரிய எண்ணை அவன் படித்ததே இல்லை. அதற்குப் பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டானாம்.

அந்த டாக்டரும் இந்த சிஸ்டரும் செய்ததற்கு ஆன செலவு சில நிமிடங்கள். ஆனால் இருவரும் அதைத் தாங்களாக, மனம் இருந்ததால் செய்தார்கள். அன்று வேறு ஒருவர் பணியில் இருந்திருந்தால் நடந்திருக்காது. இந்த நோய்க்கு முதல் அறுவை சிகிச்சை 1944-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடந்தது. அத்தனை சின்ன இதயத்துக்கு வழி கண்டுபிடித்து எண்பது வருடம் ஆகிவிட்டது. வெளியே நிற்கும் பிள்ளையிடம் யார் பேசுவது என்பதை இன்னும் யார் மனசிலோ விட்டு வைத்திருக்கிறோம். அதை மருத்துவமனையின் வேலையாக ஆக்குங்கள் என்றுதான் கேட்கிறேன். நீண்ட நாள் வைத்தியம் தேவைப்படும் குழந்தைக்கு முதல் சீட்டு எழுதும்போதே, வீட்டில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா, என்ன வயது, அவர்களிடம் என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்கலாம். தடுப்பூசி எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்றும் அப்போதே பார்க்கலாம்; வீட்டுக்குள் நோயைக் கொண்டுவருவது பெரும்பாலும் பள்ளிக்குப் போகிற பிள்ளைதான். குழந்தைகளின் உடல்நலத்துக்கான ஆர்பிஎஸ்கே என்ற அரசுத் திட்டத்தில் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் அரசுப் பள்ளிகளுக்கும் போய்க் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. பிறவிக் குறை உள்ள குழந்தைகளை அனுப்ப மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களும் இருக்கின்றன. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. அங்கே இருக்கும் படிவத்தில் இந்தக் கேள்வியைச் சேர்த்தால் போதும்.

பள்ளிகளிடமும் ஒன்று கேட்க வேண்டும். ஒருநாள் கூட விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழாவில் பரிசு கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தப் பரிசுக்காகக் காய்ச்சலோடும் சளியோடும் பிள்ளைகளை அனுப்புகிறார்கள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் வீட்டில் கைக்குழந்தையோ, புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பாட்டியோ இருக்கலாம். எங்கள் வகுப்பு ஆசிரியை, வகுப்பில் யாருக்காவது அம்மையோ வாந்தி பேதியோ வந்தால் உடனே எனக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுவார். நான் இவனை இரண்டு நாள் வீட்டில் வைத்துக்கொள்வேன். ஆனால் ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் விடுப்புக் கடிதத்துக்குக் காரணம் கேட்டு நிற்க வைத்தார்கள். வீட்டில் நோயாளிக் குழந்தை இருக்கிறது என்பது அவன் விடுப்புக்குக் காரணமாகாது என்றார்கள். அது ஏன் காரணமாகாது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சின்னவள் இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறாள். உதடு சிவப்பாக இருக்கிறது. ஆனாலும் இந்த அறுவை சிகிச்சை செய்தவர்கள் ஆயுள் முழுக்கப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பின்னாளில் வால்வு கசிந்து மறுபடியும் சிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆக, பெரியவனும் இன்னும் பல வருடம் இந்த மருத்துவமனை வாசல்களைப் பார்க்கப் போகிறான். வரும் மாதம் சென்னையில் எக்கோ இருக்கிறது. அவனும் வருகிறேன் என்கிறான். தங்கை பக்கத்தில் நின்று அந்தத் திரையைப் பார்க்க வேண்டுமாம், ஓட்டையை எப்படி அடைத்தார்கள் என்று டாக்டரிடம் கேட்க வேண்டுமாம். உள்ளே விடுவீர்களா என்று மருத்துவமனைக்கு முன்கூட்டியே போன் செய்து கேட்டிருக்கிறேன். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கோவில்பட்டி.
(பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)